முன்சக்கரச் சத்தம் கண்டறிதல்: திருப்பூர் வட்டாரப் பின்னணியில் ஒரு வரலாறு

முன்சக்கரச் சத்தம் கண்டறிதல் என்பது, ஓடும் காரின் முன் அச்சிலிருந்தோ அதன் சஸ்பென்ஷன் அமைப்பிலிருந்தோ எழும் 'டக் டக்' ஒலியைக் கொண்டு தேய்ந்த உறுப்பு எதுவென அறியும் பட்டறை முறையாகும். இந்தியாவில் இம்முறை 1983ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிதும் மாறியது. அதுவரை பின்சக்கரங்களுக்கே சென்றுகொண்டிருந்த இயந்திர விசை, அதன்பின் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்குச் சென்றது. இதனால் முன்பக்கச் சத்தத்தின் பொருளும் மாறியது.

வட்டாரப் பின்னணி

கொங்கு நாட்டில் மோட்டார் தொழில் பேருந்துகளோடு வளர்ந்தது. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அந்த வழியில் உள்ள உடுமலைப்பேட்டை, 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. அவரது நிறுவனம் பின்னர் பல பேருந்துகளை இயக்கியது. பேருந்துகள் பெருகிய இடங்களில் அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் பெருகின. திருப்பூரில் பருத்தி வணிகமும் பின்னலாடைத் தொழிலும் விரிந்தபோது, நூல், துணி, பனியன் கட்டுகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் சாலைகளில் நிறைந்தன.

பின்சக்கர இயக்கக் காலம்

உத்தர்பாராவில் 1958 முதல் தயாரான அம்பாசிடர், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றிலும் என்ஜின் முன்னே இருக்கும். விசை பின்னே செல்லும். நீண்ட புரொப்பெல்லர் ஷாப்ட் ஒன்று வண்டியின் அடியில் சுழலும். அதன் முனைகளில் 'கிராஸ்' எனப்படும் சிலுவை வடிவ இணைப்பு இருக்கும். கிராஸ் தேய்ந்தால் கிளட்சை விடும்போது தரைக்கடியில் 'டங்' என்ற சத்தம் கேட்கும்.

இவ்வகைக் கார்களின் முன்சக்கரங்கள் வண்டியைத் தாங்கும், திருப்பும், இழுக்காது. ஆகவே முன்னே சத்தம் கேட்டால் சக்கரத் தாங்கியையும், திருப்பும் மூட்டுகளையும், ரப்பர் புஷ்களையும் பார்த்தால் போதும். கிரீஸ் அடிப்பது அக்காலப் பராமரிப்பின் முக்கியப் பகுதியாக இருந்தது.

சீர்வேக இணைப்பின் தோற்றம்

முன்சக்கரங்களுக்கு விசை கொடுப்பது எளிதன்று. சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும். பழைய கிராஸ் இணைப்பை வளைத்து ஓட்டினால், உள்ளே செல்லும் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளிவரும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். கோணம் பெரிதானால் இந்த உதறல் ஸ்டியரிங் வரை எட்டும்.

1920களில் இதற்கு இரு தீர்வுகள் வந்தன. பிரான்சில் ழான் ஆல்பர் கிரெகுவாரும் பியர் பெனாயும் 'டிராக்டா' இணைப்பை உருவாக்கினர். அமெரிக்காவில் போர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்பிரட் ஷெப்பா, பள்ளங்களில் உருளும் குண்டுகளைக் கொண்ட இணைப்பை வடிவமைத்தார். ஒரு கூண்டு அக்குண்டுகளை இரு தண்டுகளின் கோணத்துக்கும் சரிநடுவே நிறுத்துவதால், இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். 1934இல் வந்த சித்ரோயன் டிராக்ஷன் அவான் முன்சக்கர இயக்கத்தைப் பரவலாக்கியது. 1959இல் வந்த பிரிட்டனின் மினி கார், ஷெப்பா வகை இணைப்பைச் சிறிய கார்களுக்குள் கொண்டுவந்தது.

1983க்குப் பின்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி உரிமையாளரிடம் வழங்கப்பட்டது. இந்தியாவில் பெருமளவில் விற்பனையான முதல் முன்சக்கர இயக்கக் கார் அது. அதன் முன்பக்கத்தில் மேக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பும் இருந்தது. சுருள் கம்பியும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நின்று சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோவும் டாடா இண்டிகாவும் இதே பாதையில் வந்தன. பட்டறைகள் 'ஆக்சில் ஜாயின்ட்', 'பூட்', 'லிங்க் ராட்', 'ஸ்ட்ரட் மவுண்ட்' ஆகிய சொற்களோடு பழகின.

ஒலியைப் பிரித்தறிதல்

புதிய அமைப்பில் ஒரே 'டக்' ஒலிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒலி எவ்வளவு பெரியது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதே முக்கியம்.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக நகரும்போது, சக்கர வேகத்துக்கு ஏற்பத் தொடர்ந்து 'டக் டக்' என்றால், வெளிப்புற ஆக்சில் ஜாயின்டைச் சந்தேகிக்க வேண்டும். வளைவில் கோணம் கூடி, குண்டுகள் தேய்ந்த பள்ளங்களில் தாவுவதே காரணம். பெரும்பாலும் ரப்பர் பூட் முதலில் கிழியும். கிரீஸ் வெளியே சிதறும். மண்ணும் நீரும் உள்ளே போகும். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறதென்றால், ஆக்சில் சுழலவில்லை. ஆகவே ஸ்ட்ரட் மேல்தாங்கியையோ உடைந்த சுருள் கம்பியையோ பார்க்க வேண்டும். குழியில் இறங்கும்போது மட்டும் வந்தால் லிங்க் ராட், புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நேர் சாலையில் வேகத்தோடு கூடினால், முதலில் சக்கர நட்டுகளையும் டயரில் சிக்கிய கல்லையும் பார்ப்பது வழக்கம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உரக்க ஒலிக்கும் ஆக்சில் ஜாயின்ட் முறிந்தால் வண்டி பெரும்பாலும் இழுவை இழந்து நிற்கும். மெல்லத் தட்டும் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்து, ஸ்டியரிங் கட்டுப்பாடு போய்விடும். சத்தத்தைக் கேட்டதும் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு, பால் ஜாயின்டைச் சோதிக்காமல் அனுப்புவது பணத்தை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைப்பதாகும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டியும், கீழ்க்கையை நெம்புகோலால் அசைத்தும் பார்த்தால் தளர்வு தெரியும்.

கலந்தோடும் தலைமுறைகள்

முன்சக்கர இயக்கம் வந்ததால் பழைய முறை மறைந்துவிடவில்லை. 1984இல் மாருதி வேனாக வந்து பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்ற வண்டியும், 2005இல் வந்த டாடா ஏஸும் பின்சக்கர இயக்கம் உடையவை. ஏஸின் முன்னே ஸ்ட்ரட் இல்லை; பட்டைக் கம்பி தாங்கும் விறைப்பான அச்சு உண்டு. துணிக்கட்டு ஏற்றும் ஏஸும், அலுவலகம் செல்லும் ஆல்டோவும் ஒரே பட்டறை வாசலில் நிற்கும் திருப்பூர் போன்ற ஊரில், ஒரே சத்தம் இரு வண்டிகளில் இரு பொருள் தரும். ஆம்னியின் முன்சக்கரத்தில் ஆக்சில் ஜாயின்டைத் தேடினால் அங்கே அது இருக்காது. எனவே காதைத் தீட்டுவதற்கு முன் மெக்கானிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டியை இழுப்பது எந்தச் சக்கரம் என்பதே.