நன்னடத்தை அலுவலர்

நன்னடத்தை அலுவலர் என்பவர், குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைத்துத் திருத்த நீதிமன்றத்துக்குத் துணைபுரியும் அரசு அலுவலர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1841இல் ஒரு குடிகாரருக்குப் பிணை நின்று அவரைத் திருத்திய காலணித் தொழிலாளி ஜான் அகஸ்டஸ் இம்முறையின் முன்னோடி.

இந்தியாவில் இப்பணி குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958இன்படி நடைபெறுகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் இதன் 4ஆம் பிரிவில் அடங்கா. இப்பிரிவின்கீழ் விடுவிக்கப்படுபவர் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு நன்னடத்தைப் பிணைமுறி எழுதித் தருகிறார். மேற்பார்வைக்கு ஆணையிட்டால், அதன் காலம் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு: ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்துக்கு அவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும்.

பணிகள்: குடும்பச் சூழல், நடத்தை, குற்றத்தின் பின்னணி ஆகியவற்றை விசாரித்து மந்தண அறிக்கை அளித்தல், விடுவிக்கப்பட்டவரை மேற்பார்வையிடல், தேவைப்படின் வேலை தேடித்தர முயலல், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு செலுத்த வழிகாட்டல்.

நிபந்தனையை மீறுபவரை நீதிமன்றம் வரவழைத்து, முதற்குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். எனவே கண்காணிப்பும் பரிவும் இப்பணியில் ஒருங்கே தேவை.