எக்ஸ் சாளர முறைமையும் லினக்சில் தமிழ்த் திரையின் உருவாக்கமும்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் குறியாக்கம், விசைப்பலகை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எழுத்தைத் திரையில் வரையும் அடுக்கு அதில் உரிய இடம் பெறவில்லை. யூனிக்சு மரபில் வந்த இயங்குதளங்களில் வரைகலைத் திரையை இயக்குவது ஆங்கிலப் பயனருக்கு ஒரு வசதியாக இருந்தது. தமிழ்ப் பயனருக்கு அதுவே முன்நிபந்தனையாயிற்று.

இதனை விளக்க அருப்புக்கோட்டை, திருச்சுழி என்னும் ஊர்ப்பெயர்களே போதுமானவை. லினக்சின் உரைமுறைத் திரை சம அகலமுள்ள கட்டங்களால் ஆனது. ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்பது அதன் விதி. அத்திரை 512 எழுத்துவடிவங்கள் வரை ஏற்கும். தமிழின் 247 எழுத்துகளும் அதில் அடங்கிவிடும். ஆகவே எண்ணிக்கை தடையன்று. ‘கோ’வில் ககரத்திற்குப் பின் சேமிக்கப்படும் இரட்டைக்கொம்பு அதற்கு முன்னும், கால் பின்னுமாகப் பிரிந்து தோன்ற வேண்டும். ‘டை’யிலும் கொம்பு முன்னேற வேண்டும். ‘ரு’, ‘சு’ ஆகியன மெய்யும் உயிரும் ஒன்றிய தனிவடிவங்கள். இம்மாற்றங்களைக் கட்டத்திரை அறியாது.

மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் 1984இல் பாப் ஷீஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டியது. 1992இல் ஓரெஸ்ட் சுபோரோவ்ஸ்கி அதனை லினக்சுக்குக் கொண்டுவந்தார். ஆயினும் அதை இயக்குவது எளிதாக இல்லை. வரைகலை அட்டையின் இயக்கி, திரையின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண் வரம்புகள் ஆகியவற்றை அமைவுக் கோப்பில் பயனரே எழுத வேண்டியிருந்தது. தவறான அலைவெண் பழைய படக்குழாய்த் திரையைப் பழுதாக்கவும் கூடும்.

திரை எழுந்த பின்னும் தமிழ் உடனே எழவில்லை. எக்சின் தொடக்ககால எழுத்துரு முறையிலும் ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவமே உண்டு. எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கும் எட்டுத்துகள் குறியாக்கமான திஸ்கி இதனோடு இயல்பாகப் பொருந்தியது. அதனை ஒருங்குறிக்கு முந்திய தற்காலிக ஏற்பாடு என மட்டும் கருதுவது பொருந்தாது. அன்றைய திரையின் இயல்புக்கு ஏற்ற தீர்வு அது. கேடியீ மேசைத்தளத்தின் அடித்தளமான கியூட்டி நூலகத்திலும் திஸ்கி மாற்றி இடம்பெற்றது. கீத் பாக்கார்டின் எக்ஸ்எஃப்டி, 2002இல் வெளிவந்த ஜிடிகே 2.0 பயன்படுத்திய பாங்கோ ஆகியன எழுத்துக் கோப்பைப் பயன்பாட்டு மென்பொருளின் பக்கம் மாற்றிய பிறகே ஒருங்குறித் தமிழ் லினக்சில் நிலைபெற்றது.

சி-டாக் உருவாக்கிய, தெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2009இல் லினக்ஸ் கர்னலே திரைமுறையை அமைக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. வானம் பார்த்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் அரசுப் பள்ளி மாணவருக்கும் உரியதாயிருந்த அத்திட்டத்தின் கணினியில், அலைவெண் எதையும் எழுதாமலேயே வரைகலைத் திரை எழுந்தது.