வெலிமடைப் பாதையில்

தனியே வழி செல்வோனுக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, பாதையோரத்து அடையாளங்கள். மற்றொன்று, பாதையிலே எதிர்ப்படும் மனிதர்கள். அடையாளங்கள் கேளாமலே தம் கதையைச் சொல்லும். மனிதரோ முதலில் நம் கதையைக் கேட்பர். "எந்த ஊர்?" என்பதே நம் நாட்டில் வழிப்போக்கனை நோக்கி எழும் முதற் கேள்வி. ஊவா மலைகளிலே இந்தச் சிறு கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. நேயர்களே, அதனை இன்று சிறிது நோக்குவோம்.

பேராதனையிலே தொடங்கி, மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள செங்கலடியிலே முடியும் நெடுஞ்சாலை, நுவரெலியாவைக் கடந்ததும் ஊவாவை நோக்கி இறங்குகின்றது. சீத்தா எலியவில் அம்மன் கோயிலைத் தரிசித்து, சற்றே நடந்தால் ஹக்கலைப் பூந்தோட்டம். இன்று மலர்களைக் காண மக்கள் திரளும் இத்தோட்டம், 1861ஆம் ஆண்டிலே சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது.

மேலும் இறங்கினால் கெப்பெட்டிபொல என்னும் சிற்றூர். பெயரே இங்கு அடையாளம். ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பெட்டிபொல, 1817ஆம் ஆண்டிலே மூண்ட கிளர்ச்சியை அடக்குமாறு பிரித்தானியரால் அனுப்பப்பட்டவர். சென்றவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து அவர்களுக்குத் தலைவரானார். 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி கண்டியிலே அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை ஒரு படை வைத்தியர் ஸ்கொத்லாந்துக்குக் கொண்டுசென்றார். நாடு சுதந்திரம் பெற்றபின்னரே அது கண்டிக்கு மீண்டது. அன்று ஒரு பிரகடனம் அவரைத் துரோகி என்றது. 2016ஆம் ஆண்டிலே மற்றொரு பிரகடனம் அதனை நீக்கித் தேசிய வீரர் என்றது. ஒரு மனிதன் நாட்டுக்கு உரியவனா அல்லனா என்பதைக் காகிதம் எழுதும். காகிதமே பின்னர் மாற்றியும் எழுதும். இதனை மனத்திலே வைத்துக்கொண்டு வெலிமடைக்குள் நுழைவோம்.

உமா ஓயாவின் அருகே, மரக்கறித் தோட்டங்கள் சூழ அமைந்த பட்டினம் வெலிமடை. உருளைக்கிழங்கு மூட்டைகளும் லீக்ஸ் கட்டுகளும் லொறிகளில் ஏறுகின்றன. சிங்களமும் தமிழும் ஒரே கடைவாசலிற் கலந்து ஒலிக்கின்றன. பஸ் நிலையத்திலே என் பக்கத்தில் அமர்ந்த முதியவர் ஒருவரிடம், வழக்கம்போல, "ஐயா எந்த ஊர்?" என்று வினவினேன். அவர் சிரித்துக்கொண்டு, "நான் பொறந்த ஊரக் கேக்கிறீங்களா தம்பி, எங்க தாத்தா வந்த ஊரக் கேக்கிறீங்களா?" என்றார்.

அவருடைய வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு அப்பாற் செல்லல் வேண்டும். ஊவாவின் மலைகளில் முதலிற் படர்ந்தது கோப்பி. தமிழகத்து ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு ஏறி, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. 1869ஆம் ஆண்டிலே, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலையிலே ஒருவகைத் துருநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவ காலத்தில் மட்டுமே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே வந்தவர்கள் குடும்பத்தோடு லயன்களில் நிலைத்தனர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர்.

அப்புத்தளைக்கு அண்மையில், தம்பத்தன்னை மலையிலே, தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த இடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அங்கு ஏறும் பாதையை வெட்டியவர் பெயரைச் சொல்வார் இல்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டிலே வந்த பிரசாவுரிமைச் சட்டமோ, தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறையிலே பிறந்தவனுக்குச் சான்று ஏது? பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

வெலிமடை முதியவரின் தமையனார் தலைமன்னாரிலே கப்பலேறியவர்களுள் ஒருவர். நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் அவர் வேலைக்கு அமர்ந்தாராம். "இங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னாங்க, அங்க போன அண்ணன சிலோன்காரன்னாங்க" என்று முதியவர் சொன்னபொழுது, அவர் குரலிலே கோபம் இல்லை, வியப்பே இருந்தது. இங்கே தங்கியவருள் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், காகிதம் மாற்றி எழுதப்பட்டது.

வெலிமடையிலிருந்து பதுளை செல்லும் வழியிலே, ஹாலி எலைக்கு அண்மையில், போகொடை மரப்பாலம் உண்டு. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய நடைபாதையிலே, ஆற்றின் குறுக்கே, சுமார் 50 அடி நீளத்துக்கு நிற்கும் இப்பாலத்துக்கு ஓடு வேய்ந்த கூரையும் உண்டு. ஆற்றைக் கடக்கப் பலகை போதும், கூரை எதற்கு? மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கே. முன்பின் அறியாதோர் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

கல்லும் பாலமும் உள்ளவர்க்குச் சரித்திரம் எழுதுதல் எளிது. அவை இல்லாதவரின் சரித்திரம், "எந்த ஊர்?" என்னும் கேள்விக்கு அவர் தரும் விடையிலே இருக்கின்றது. பாட்டன் வந்த ஊரின் பெயரையும், அவர் நடந்த பாதையையும், கடல் கடந்த உறவினரையும் நினைவிற் கொண்ட முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். ஆதலால் ஊவாவிற் பயணஞ் செய்யும் அன்பர்கள் அக்கேள்வியைக் கேட்டதோடு நில்லாது, பஸ் வரும்வரை பொறுத்திருந்து விடையை முழுவதும் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக.