வேடம் புனைந்தோரும் வேற்றுமை பாராட்டாமையும்

மனிதன் தன் உருவை மறைத்துப் பிறிதோர் உருவங்கொள்ள விழைவது இன்று நேற்றுத் தோன்றிய ஆசை அன்று. 1939ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கூடிய அறிவியற் கதை அன்பர் மாநாட்டிற்கு, வருங்கால மனிதரைப் போல உடையணிந்து இருவர் வந்தனர். பிற்காலத்தில் இவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. கதைமாந்தரின் கோலம் பூண்டு கூடி மகிழும் இக்கலைக்கு ஜப்பானியர் 1983ஆம் ஆண்டளவில் 'கொஸ்பிளே' என்று பெயரிட்டனர். கோலத்துள் இருப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா, மெலிந்தவரா பருத்தவரா என்று பாராது அவரை அன்புடன் ஏற்க வேண்டும் என்பது இவ்வன்பர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறி. அந்நெறி எங்கும் எப்போதும் பேணப்படுகிறது என்று கூற இயலாது. ஆயினும் அது நெறியாக எண்ணப்படுவதே பெரிது.

இதனையொத்த நெறியொன்று நம் நாட்டிலே, சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில், நூறாண்டுக்கு மேலாக வழங்கி வந்திருப்பதை நேயர்களுள் எத்தனை பேர் அறிவர்? மாசி மாதத்துக் காமன் கூத்தையே குறிப்பிடுகின்றேன்.

முதலில் இம்மக்கள் இங்கு வந்தவாற்றைச் சிறிது நோக்குவோம். கோப்பிப் பயிர் 1869இற்குப் பின்னர் நோயுற்று அழிந்தது. தேயிலை அதனிடத்தைப் பற்றியது. 1876இல் பிரேசில் நாட்டு வித்திலிருந்து முளைப்பிக்கப்பெற்ற இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கும் கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களும் இறப்பர்க் காடாயின. புகைவண்டி 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, பெல்மதுளை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் லயங்களில் குடியேறியோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மூட்டையிற் கட்டி வந்த பொருள் சொற்பம். நெஞ்சிற் கட்டி வந்தவற்றுள் காமன் கூத்தும் ஒன்று.

கதை பலரும் அறிந்ததே. தவத்திலிருந்த சிவபெருமான்மீது தேவர் ஏவலால் மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக் கண்ணால் எரிந்து சாம்பராகிறான். இரதி புலம்புகிறாள். அவள் கண்ணுக்கு மாத்திரம் தோன்றுமாறு அவன் மீண்டும் உயிர் பெறுகிறான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் கம்பம் ஊன்றுவர். அன்று முதல் முழுநிலாவரை இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நிகழும். வேடம் புனைவோர் புலாலுண்ணாது விரதங் காப்பர். இரதி, மதன், தூதன், வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி என வேடங்கள் பல. இரதியும் மதனும் லயந்தோறும் சென்று வாசலில் ஆடுவர்; வீட்டார் விளக்கேற்றி வரவேற்பர். முழுநிலா இரவில் திருமணமும், அதன்பின் தகனமும் நடைபெறும்.

இறப்பர்த் தோட்டத்தில் இக்கூத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தை, மாசி மாதங்களில் இறப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும், பாலும் குறையும். ஆண்டு முழுதும் வெயில் புகாத அக்காட்டிலே அக்காலத்தில் மட்டும் நிலவு தரையில் வீழும். மன்மதன் எரியும் பருவமும் மரம் மொட்டையாக நிற்கும் பருவமும் ஒன்றாக அமைந்தமை தற்செயலே. எனினும் தேயிலை மலையிலுள்ளோர்க்குக் கிட்டாத ஓர் அரங்கு இவர்களுக்கு வாய்த்தது.

கூத்தின் உயிர் தப்பு. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்ததும் இதே தப்புத்தான். பகலில் துரைக்கும் கங்காணிக்கும் உரியதாயிருந்த ஓசை, மாசி இரவில் இரதிக்கும் மதனுக்கும் உரியதாயிற்று. தப்படிப்போர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்தினர். அவர் அடி தவறினால் இரதியின் கால் தவறும்; அவர் நிறுத்தினால் யமனும் நிற்பான்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தோட்டங்களிலே சாதி ஒழிந்துவிடவில்லை. பெரியகங்காணிகள் பெரும்பாலும் உயர்குலத்தாராகவும், தொழிலாளருட் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியராகவும் இருந்தனர். லயங்களும் குலவாரியாக ஒதுக்கப்பட்டதுண்டு. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட ஆய்வு நூல், கடல் கடந்தும் சாதி தொடர்ந்தவாற்றை விரிவாகக் காட்டுகிறது. கூத்து இவ்வேற்றுமையைத் துடைத்தது என்று புகழ்வோர் உளர். என் கருத்து அதுவன்று. யார் எவ்வேடம் புனைவது என்பதிலும் குலமும் செல்வாக்கும் புகுந்துகொண்டன. ஆனால் கூத்து ஒரு விதியை விதித்தது: வேடம் புனைந்தவனை அவன் பெயராலும் குலத்தாலும் அழைத்தல் ஆகாது. அந்நாள்களிலேனும் ஒருவன் மதனாகவே மதிக்கப்பெறுகிறான். அதன்பின் அவன் பழைய பெயருக்கு மீளலாம். மீண்டபின், அவனைத் தெய்வமாகக் கண்ட கண்கள் முன்போலவே அவனைக் காணுமோ என்பதே கேள்வி.

இன்னொரு வேற்றுமையும் எண்ணத்தக்கது. இரதியாக வருபவன் ஆண். மீசை மழித்து, சேலையுடுத்து, முகத்தில் அரிதாரம் பூசி அவன் புலம்பும்போது லயத்துப் பெண்கள் உடன் அழுவர். ஆண் ஒருவன் பெண்போல நடப்பதை மற்ற நாளில் நகையாடும் அதே ஊர், அந்நாளில் நகையாடுவதில்லை. நகைப்பதற்கென்று கோமாளி தனியே உளன். இந்தப் பகுப்பு மிக நுட்பமானது. ஏளனத்திற்கு ஓரிடத்தை வகுத்துக் கொடுத்துவிட்டால், பிறவிடத்தில் அது நுழையாது என்று முன்னோர் கண்டிருந்தனர் போலும்!

தோட்டத்து வேலிக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தையும் காண்போம். பத்தினித் தெய்வத்திற்குரிய 'கம்மடுவ' என்னும் சடங்கில், பூசை புரியும் கப்புறாளை பத்தினியின் பெண்ணுடை தரித்தே ஆடுகிறார். பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. அச்சடங்கின் ஒரு பகுதியில், கொலையுண்ட தன் கணவன் பாலங்கனைப் பத்தினி உயிர்ப்பிக்கிறாள். சிலப்பதிகாரத்திலோ கோவலன் கணப்பொழுது எழுந்து, கண்ணகியின் கண்ணீர் துடைத்து, வானுலகு செல்கிறான். சிங்களக் கிராமத்தவர் அவனை மண்ணிலேயே எழுப்பிக்கொண்டனர். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கணவனை இழந்தவள் மன்றாடுவதும், மாண்டவன் எழுவதும், பெண்கோலம் பூண்ட ஆடவன் அதனை நிகழ்த்துவதும் வேலியின் இருபுறத்தும் ஒன்றே.

கண்டிநாட்டின் 'சொக்கரி' ஆட்டமோ இன்னும் வியப்புக்குரியது. அறுவடை முடிந்த களத்தில் ஆடப்படும் அந்நாடகத்தின் தலைவனும் தலைவியும் இந்தியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, வழியும் மொழியும் அறியாது இடர்ப்படுபவர்கள். சொக்கரியாக ஆடுபவனும் ஆணே. வந்தேறியின் தடுமாற்றத்தைக் கண்டு கிராமத்தவர் சிரிக்கின்றனர் என்பது மெய். ஆயினும் அவ்வந்தேறியின் உடையைத் தம்முள் ஒருவனே உடுத்துக்கொள்கிறான் அல்லவா? வேடம் புனைபவன் பிறனுடைய தோலுக்குள் ஓரிரவு குடியிருக்கிறான்.

வேடம் களைந்தபின் வந்த பகற்பொழுது கடுமையானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1977இலும், 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, கஹவத்தை முதலிய பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன. சிலர் வவுனியா நோக்கி ஓடினர். அயற்கிராமத்துச் சிங்களவர் வீடுகளில் ஒளித்துக் காக்கப்பட்டோரும் உளர். அடித்தவனும் அடைக்கலந் தந்தவனும் ஒரே பத்தினியை வணங்கியவர்களாக இருந்திருக்கக் கூடும். வழிபாடும் கூத்தும் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அதுவே எல்லை.

பால்வெட்டும் தொழில் அறிந்தமையால், இங்கிருந்து சென்ற குடும்பங்கள் பல, கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் அரசாங்க இறப்பர்த் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டன. கம்பம் ஊன்றுவோரும் இரதி வேடம் புனைவோரும் ஆளுக்கொரு கப்பலிற் பிரிந்தனர். கூத்தென்பது ஒருவர் குறைந்தாலும் தடுமாறும் கலை. தூதனில்லாமல் ஓலை செல்லாது.

இவ்வளவுக்குப் பின்னும் மலையகத்திற் காமன் கூத்து நிலைத்திருக்கின்றது. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகத்தின் மரபுக் கலைகளை எழுத்திற் பதித்தனர். சப்பிரகமுவவிலோ, தமிழ்ப் பாடசாலைகளில் உயர்வகுப்புகள் போதாமையால், சிங்கள மொழிவழிக் கற்கும் தோட்டப் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு இரதியின் புலம்பலில் வரும் பழந்தமிழ்ச் சொற்கள் பாதி விளங்கும், பாதி விளங்கா. அயலிலுள்ள சிங்களத் தோழன் அருகில் நின்று கேட்டால், அவனுக்குக் கதையை அவன் மொழியிலேயே விளக்கவும் இவர்களால் இயலும். பாலங்கனை அறிந்த அத்தோழனுக்கு மதன் எழுவது புதுமையாக இராது.