பல்லுக்குள் சிமெண்ட்

பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் சிமெண்டோடு காலம் தள்ளியவன் நான். அது என் வாய்க்குள்ளும் வரும் என்று நினைத்ததில்லை.

மேல் முன்பல்லில் இரண்டு முறை ரூட் கேனால் செய்தும் ஈறில் சீழ்க் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தது. பிடுங்கிவிடலாம் என்றார் ஒருவர். இன்னொரு டாக்டரம்மா ஈறைத் திறந்து, வேரின் நுனியை 3 மில்லிமீட்டர் வெட்டியெடுத்து, மேலிருந்து எம்.டி.ஏ. வைத்து அடைத்தார்.

முன்பெல்லாம் அந்த இடத்தை அடைக்கப் பெரும்பாலும் வெள்ளி-பாதரசக் கலவைதான். ரத்தமும் ஈரமும் உள்ள இடம்; ஓரத்தில் கசியும். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாத் குழுவினர் இதற்குக் கண்ட வழிதான் எம்.டி.ஏ. முதல் ஆய்வுக் கட்டுரை 1993-ல் வந்தது. அதில் பெரும்பகுதி என்ன தெரியுமா? 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய போர்ட்லண்ட் சிமெண்டின் வம்சம்! எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் கெடாது, இறுகும். க்யூரிங்குக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று எத்தனை கொத்தனார்களைத் திட்டியிருக்கிறேன்!

(அதற்காக மூட்டை சிமெண்டை எடுத்து அப்பிக்கொள்ளாதீர்கள். இது சுத்திகரித்த மருத்துவச் சரக்கு.)

ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், வேரைச் சுற்றியிருந்த கருநிழல் மறைந்து எலும்பு வளர்ந்திருந்தது. அந்தப் பல்லால் முறுக்கு கடிக்க மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.