ஏட்டில் வாழ்ந்தவர்கள்

உயிருக்கு அழிவில்லை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உடம்பு போகும், உயிர் போகாது என்பது அவர்கள் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தை எள்ளளவும் சந்தேகமின்றி நம்பிய ஸ்தாபனம் ஒன்று உலகத்தில் இருந்தது. அது மடம் அல்ல, கோயிலும் அல்ல. ருஷ்யச் சக்கரவர்த்தியின் வரி இலாகா!

கோகோல் 1842-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலுக்குச் 'செத்த உயிர்கள்' என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டவுடன், "பேய்க் கதையா?" என்று என்னை விசாரித்த நண்பர்கள் உண்டு. படித்து முடித்தவர்களோ, "அருமையான ஹாஸ்யக் கதை ஐயா!" என்கிறார்கள். இரு சாரார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்பில் உள்ள இரண்டே சொற்களுக்குப் பின்னால் நூற்றிருபது வருஷத்துச் சரித்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் கோகோலின் சிரிப்புத்தான் காதில் விழும். சிரிப்புக்கு அடியில் இருக்கும் அழுகுரல் விழாது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் 'உயிர்' என்ற சொல்லைப் பார்ப்போம். நாம் ஆட்களை எண்ணும்போது தலையைக் கொண்டு எண்ணுகிறோம். தலைக்கு இவ்வளவு கூலி, தலைக்கு இவ்வளவு பங்கு என்கிறோம். ருஷ்யர்கள் உயிரைக் கொண்டு எண்ணினார்கள். 'துஷா' என்பது அவர்கள் சொல். பாதிரியார் வாயில் அது ஆத்மா. கணக்கர் பேனாவில் அது வரி கட்டவேண்டிய ஓர் ஆண்பிள்ளை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மிராசுதாருக்கு எத்தனை வேலி நிலம் என்று விசாரிப்பதுபோல, அங்கே ஒரு பிரபுவுக்கு எத்தனை உயிர் என்று விசாரிப்பார்கள். முந்நூறு உயிர் என்றால், அவருடைய பண்ணையில் முந்நூறு ஆண் அடிமைகள் இருப்பதாக அர்த்தம். அவர்களுடைய தாயும் தாரமும் மகளும் அந்த முந்நூறில் சேர்த்தி இல்லை.

இந்தக் கணக்கு ஏன் வந்தது? மகா பீட்டர் சக்கரவர்த்தி ஸ்வீடன் தேசத்தோடு 1700 முதல் 1721 வரை யுத்தம் செய்தவர். பெரிய சேனையை வைத்துத் தீனி போட அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. அதுவரையில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி விதித்து வந்தார்கள். ஜனங்கள் எந்த நாட்டிலும் சாமர்த்தியசாலிகள் அல்லவா? அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாரும் ஒரே வேலிக்குள் புகுந்துகொண்டு, "நாங்கள் ஒரே வீடு" என்று சொல்லிவிட்டார்கள். வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது, வரியும் குறைந்தது. பீட்டர் 1718-இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். இனிமேல் வீட்டை எண்ணவேண்டாம், ஆண் உயிரை எண்ணுங்கள் என்றார். தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஓர் உயிர். பல் விழுந்த கிழவனும் ஓர் உயிர். சேனைச் செலவை அந்த எண்ணிக்கையால் வகுத்தார்கள். உயிர் ஒன்றுக்கு 74 கோபெக் என்று கணக்கு வந்தது. நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். 1724 முதல் வசூல் ஆரம்பமாயிற்று. பிரபுக்களுக்கும் பாதிரிமார்களுக்கும் இந்த வரி கிடையாது. அவர்களுக்கும் உயிர் இருந்திருக்கும். ஆனால் அது ஏட்டில் ஏறாத உயிர்!

அவ்வளவு பெரிய தேசத்தில் வருஷா வருஷம் ஆள் எண்ணுவது நடக்கிற காரியமா? 1719-க்கும் 1858-க்கும் நடுவில் மொத்தம் பத்துத் தடவைதான் எண்ணினார்கள். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே பதினைந்து, இருபது வருஷங்கூட ஓடிவிடும். உதாரணமாக, ஏழாவது கணக்கு 1815-இல் எடுக்கப்பட்டது; எட்டாவது கணக்கு 1833-இல்தான் வந்தது. நடுவில் ஒருவன் செத்துப் போனால்? பெயரை அடிக்கமாட்டார்கள். அடுத்த கணக்கு வரும் வரையில் அவன் உயிரோடு இருப்பதாகவே அர்த்தம். சர்க்காருக்கும் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒருவன் சாகிறான், ஒருவன் பிறக்கிறான். பிறந்த குழந்தையை இப்போது எழுதுவதில்லை, செத்தவனை இப்போது அடிப்பதில்லை. இரண்டும் சரியாகப் போயிற்று.

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் 'சாவா மூவாப் பேராடு' என்ற சொற்களை அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு விடுவார். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் குட்டிகள் பிறக்கும். செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்துத் தொண்ணூற்றாறு என்ற தொகையைக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டியது இடையரின் பொறுப்பு. ஆகையால் கல்வெட்டைப் பொறுத்த மட்டில் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. ஆட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. விளக்கும் அணையாது. ருஷ்யாவில் இதே ஏற்பாட்டை மனிதனுக்குச் செய்தார்கள். குட்டி ஆடு இரண்டு வருஷத்தில் ஆடாகிவிடும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை, செத்துப்போன தச்சனுக்குப் பதிலாக உளி பிடிக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுவரையில் தச்சனுடைய வரியை யார் கட்டுவது? சட்டப்படி பொறுப்பு பிரபுவினுடையது. பிரபு கிராமத்தாரிடம் வசூலித்தார். கிராமத்தில் உயிரோடிருந்தவர்கள் செத்தவர்களின் பங்கையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

இந்த ஏட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. பிரபுக்கள் கடன் வாங்கத் தொடங்கினார்கள். ஈடாக எதைக் காட்டுவது? உயிர்களைத்தான்! பதினெட்டாம் நூற்றாண்டில் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் அனாதைக் குழந்தைகளுக்கென்று பெரிய இல்லங்கள் ஏற்பட்டன. அவற்றை நிர்வகித்த காப்பாளர் சபையே பணத்தை வட்டிக்கும் விட்டு வந்தது. பெற்றோர் இல்லாத குழந்தைகளைக் காக்கும் சபையில், தங்கள் உடம்பே தங்களுக்குச் சொந்தமில்லாத குடியானவர்கள் அடமானப் பொருளானார்கள். 1859-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிரபுக்களின் பண்ணையடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அடகில் இருந்தார்கள்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி ஏட்டில் செத்தவன் உயிரோடு இருக்கிறான். கடன் கொடுக்கும் சபை அந்த ஏட்டைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் ஒருவன் நுழைந்தால் என்ன ஆகும்?

அப்படி நுழைந்தவன்தான் கோகோலின் கதாநாயகன் சிச்சிக்கோவ். அவனுக்கு இந்த யோசனை தோன்றிய இடம் ஒரு கச்சேரி. யாரோ ஒரு பிரபுவின் பண்ணையை அடகு வைக்கப் போனவன், பாதிக் குடிகள் செத்துவிட்டார்களே, பின்னால் வில்லங்கம் வராதா என்று தயங்குகிறான். ஏட்டில் பெயர் இருக்கிறதா, இருந்தால் உமக்கென்ன பயம் என்று குமாஸ்தா தைரியம் சொல்கிறார். அவ்வளவுதான், சிச்சிக்கோவுக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. செத்தவர்களை மலிவாக விலைக்கு வாங்குவது. கெர்சான் பிரதேசத்தில் குடியேறுகிறவர்களுக்குச் சும்மா கிடைக்கும் நிலத்தில் அவர்களைக் குடியேற்றியதாக எழுதுவது. பிறகு சபையிடம் அடகு வைத்து உயிருக்கு இருநூறு ரூபிள் வாங்குவது. ஆயிரம் உயிர் கிடைத்தால் இரண்டு லட்சம்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். உதவும் என்று ருஜுப்படுத்தக் கிளம்பியவன் அவன்.

அவன் ஊர் ஊராகப் போய்ச் செய்யும் பேரங்களை நான் சொல்லிவிட்டால் உங்களுக்கு நாவல் படிக்கும் சுகம் போய்விடும். ஒன்றிரண்டை மட்டும் தொட்டுக் காட்டுகிறேன். கொரோபோச்கா என்ற விதவை அம்மாள், செத்தவர்களை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்போகிறாயா என்று கேட்கிறாள். பிறகு, சந்தை விலை தெரியாமல் விற்று ஏமாந்துவிடுவோமோ என்று தவிக்கிறாள். சொபாகேவிச் என்பவரோ உயிருக்கு நூறு ரூபிள் கேட்டு ஆரம்பிக்கிறார். செத்துப்போன தன் வண்டித் தச்சனையும் செங்கல் அறுப்பவனையும் செருப்புத் தைப்பவனையும் அவர் புகழ்வதைக் கேட்டால், அந்த வேலைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கும். கடைசியில் இரண்டரை ரூபிளுக்குப் பேரம் படிகிறது. அதிலும் ஒரு மோசடி! எலிசவேத்தா என்ற ஒரு பெண்ணின் பெயரில் கடைசி எழுத்தைக் குறைத்து ஆண் பெயராக்கிப் பட்டியலில் சொருகிவிடுகிறார். சிச்சிக்கோவ் கண்டுபிடித்து அவள் பெயரை அடித்துவிடுகிறான். உயிரோடிருந்தபோது எண்ணப்படாதவள், செத்த பிறகும் எண்ணப்படவில்லை.

இந்த நாவலை அச்சிட அனுமதி கேட்டபோது மாஸ்கோவில் நடந்ததைக் கோகோலே 1842 ஜனவரியில் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். தணிக்கைச் சபைத் தலைவர் தலைப்பைப் பார்த்தவுடனே, உயிர் அழியாதது, செத்த உயிர் என்பது எப்படி இருக்க முடியும், இந்த ஆசிரியர் உயிரின் அழியாமையையே எதிர்க்கிறார் என்று கூச்சலிட்டாராம். இது வரி ஏட்டு உயிர்களைப் பற்றியது என்று விளக்கினார்கள். அவர் இன்னும் உரக்கக் கத்தினாராம்: அப்படியானால் பண்ணையடிமை முறையையே அல்லவா எதிர்க்கிறார்! இன்னொரு தணிக்கையாளருக்கு வேறு விசாரம். மனித உயிருக்கு இரண்டரை ரூபிள் என்று எழுதினால் வெளிநாட்டார் நம் தேசத்துக்கு வருவார்களா என்றாராம். பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவாறு அனுமதி கிடைத்தது. தலைப்பின் முன்னால் 'சிச்சிக்கோவின் சாகசங்கள்' என்று சேர்த்து, பல்லைப் பிடுங்கி, அந்த மே மாதத்தில் புத்தகத்தை வெளியிட்டார்கள்.

அந்தத் தணிக்கைத் தலைவரைப் பார்த்துச் சிரிப்பது வழக்கம். நான் சிரிக்கமாட்டேன். விமரிசகர்களைவிட அவர்தான் புத்தகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பேன். சிச்சிக்கோவ் சட்டத்தை மீறிய திருடன் என்றால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் சட்டத்தை நூற்றுக்கு நூறு நம்பிய திருடன், அதுதான் ஆபத்து. சர்க்கார் செத்தவன் பெயரில் வரி வாங்கியது. பிரபு குடியானவன் பெயரில் கடன் வாங்கினார். இவன் இரண்டையும் சேர்த்துச் செய்தான். மற்ற இருவரும் மரியாதைக்காரர்கள், இவன் ஒருவன்தான் மோசக்காரன் என்று எப்படிச் சொல்வது?

தலைப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. பண்ணையில் செத்தவர்களா செத்த உயிர்கள், அல்லது அவர்களை விற்ற பிரபுக்களா என்ற கேள்வி. ஹெர்சன் என்ற ருஷ்ய அறிஞர் அதே வருஷம் தம் நாட்குறிப்பில் இரண்டாவது பொருளையே எழுதிவைத்தார். கோகோலும் அதற்கு இடம் கொடுக்கிறார். வதந்திக்குப் பயந்து ஊர் அரசாங்க வக்கீல் திடீரென்று மாண்டுபோகிறார். அப்போதுதான் அவருக்கும் ஓர் உயிர் இருந்ததென்று ஊராருக்குத் தெரியவருகிறதாம்!

பிற்பாடு நடந்த சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். கோகோல் இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிட்டு 1852-இல் காலமானார். 1861-இல் இரண்டாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி பண்ணையடிமைகளை விடுவித்தார். இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் விடுதலையானார்கள். அவர்களுக்குக் கிடைத்த நிலத்துக்கு விலை போட்டார்கள். சர்க்கார் அதில் பெரும் பகுதியைப் பிரபுக்களுக்கு முன்பணமாகக் கொடுத்தது; கொடுக்கும்போது பழைய அடமானக் கடனைக் கழித்துக்கொண்டது. அந்த முன்பணத்தைக் குடியானவர்கள் 49 வருஷத் தவணையில் திருப்பிக் கட்டவேண்டும் என்று ஏற்பாடு. அதாவது, தங்களை அடகு வைத்து வாங்கிய கடனைத் தாங்களே அடைக்கும்படி ஆயிற்று! நாடெங்கும் கலகம் மூண்ட பிறகு, 1907 முதல் அந்தத் தவணை ரத்தாயிற்று. பீட்டரின் உயிர் வரி அதற்கு முன்பே, 1887-இல், ஐரோப்பிய ருஷ்யாவில் ஒழிந்தது. சொல் மட்டும் ஒழியவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால் ருஷ்யர்கள் இன்றைக்கும் அதைச் 'செத்த உயிர்' என்றுதான் சொல்கிறார்கள்.

நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடம் ஏழாம் அத்தியாயத்தின் ஆரம்பம். சிச்சிக்கோவ் காலையில் எழுந்து, வாங்கிய பெயர்களைப் பட்டியலாக எழுத உட்காருகிறான். ஏறக்குறைய நானூறு பெயர். எழுதிக்கொண்டே போகும்போது அவனை அறியாமல் பேனா நிற்கிறது. இந்தத் தச்சன் எப்படிச் செத்திருப்பான்? கோபுரத்தில் ஏறி வேலை செய்தபோது தவறி விழுந்தானோ? இந்தச் செருப்புத் தைப்பவன் குடித்துக் கெட்டானோ? ஓடிப்போன இவன் எந்த ஆற்றங்கரையில் படகு இழுத்துக்கொண்டிருக்கிறானோ? சக்கரவர்த்தியின் வரி இலாகா நூறு வருஷமாக அந்த ஏடுகளைப் புரட்டியது. பிரபுக்கள் புரட்டினார்கள், கடன் கொடுத்தவர்கள் புரட்டினார்கள். ஒருவருக்காவது இந்தக் கேள்வி தோன்றவில்லை. கடைசியில் ஒரு மோசக்காரனுக்குத் தோன்றுகிறது, அதுவும் சில நிமிஷ நேரத்துக்கு. பிறகு மணியைப் பார்த்துக்கொண்டு பத்திரம் பதியக் கச்சேரிக்கு ஓடிவிடுகிறான்.

நாவலை எடுத்தால் அந்த இரண்டு மூன்று பக்கங்களை அவசரமில்லாமல் படியுங்கள். அந்தப் பெயர்கள் மனிதர்களாக எழுந்து நடமாடுவது அங்கேதான்.