மாதம் நிறையாத மகவு

மணமான ஆறாம் மாதத்தில் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியின் வழக்கு, மதீனாவில் கலீபாவின் முன் வந்தது. உமர் (ரலி) காலமென்றும் உதுமான் (ரலி) காலமென்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. கருவில் சுமப்பதற்கும் பால்குடி மறக்கச் செய்வதற்கும் சேர்த்து முப்பது மாதம் என்பது திருமறையின் ஒரு வசனம். பாலூட்ட இரண்டு ஆண்டு என்பது மற்றொன்று. கழித்தால் எஞ்சுவது ஆறு மாதம். ஆகவே அவள்மீது பழியில்லை என்று அலீ (ரலி) அவர்கள் விளக்கினார்கள். கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்பது ஃபிக்ஹு நூல்களில் இவ்வாறே நிலைபெற்றது. பிறந்ததும் குரலெழுப்பிய பிள்ளை உடனே இறந்துவிட்டாலும் அதற்குப் பெயரும், ஜனாஸாத் தொழுகையும், வாரிசுரிமையும் உண்டென நம் சட்ட மேதைகள் எழுதி வைத்தனர்.

சட்டம் அந்தப் பிள்ளைக்கு உரிமை தந்துவிட்டது. அக்குரல் அடங்காமல் காக்கும் வழியைக் காண்பதற்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏழாம் மாதப் பிள்ளை தேறும், எட்டாம் மாதப் பிள்ளை தேறாது என்ற கிரேக்கர் நம்பிக்கை அரபு மருத்துவ நூல்களிலும் இடம்பெற்று நீடித்தது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஆதாயமே என்பதை இன்று மருத்துவத் தாதியர் யாவரும் அறிவர். பெரிய ஹக்கீம்களின் ஏடுகளில் இருந்தாலும் பிழை பிழைதான்!

குறைமாதப் பிள்ளையின் உடலில் கொழுப்பு குறைவு; தோல் மெல்லியது; சூடு நில்லாது. இதை நன்கறிந்த பாரிஸ் நகர மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதுபோல ஒன்றை 1880-ஆம் ஆண்டு தம் பிரசவ மருத்துவமனையில் அமைத்தார். 2000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 66 இறந்த நிலை மாறி, 38 ஆயிற்று. இதுவே உலகெங்கும் பரவிய இன்குபேட்டரின் முன்னோடி.

எனினும் பெட்டிக்குப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும். தென் அமெரிக்காவின் கொலம்பியாவில், பொகோட்டா நகரத்து ஏழைகளின் பிரசவ மருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள் கிடந்தன. ஒன்றின் நோய் மற்றொன்றைத் தொற்றியது. பிள்ளையைப் பிரிந்திருந்த தாய்மாரில் சிலர் திரும்பி வராமலே போயினர். 1978, 79-ஆம் ஆண்டுகளில் எட்கர் ரே சனாப்ரியா, ஹெக்டர் மார்த்தினெஸ் என்னும் இரு மருத்துவர்கள் அங்கே ஒரு வழி கண்டனர். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல, பிள்ளையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் பட நிமிர்த்திக் கட்டுவது; தாய்ப்பாலே கொடுப்பது; தேறியதும் வீட்டுக்கு அனுப்பித் தொடர்ந்து கவனிப்பது. தாய் ஓய்வெடுக்கையில் தந்தையின் மார்பும் உதவும்.

‘வசதியற்றோர் வைத்தியம்’ என்று இதனை எளிதாக எண்ணியோர் உண்டு. நிலை தேறிய பிள்ளைக்கே இது பொருந்தும் என்ற கருத்தும் நெடுங்காலம் இருந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள பிள்ளைகளைப் பிறந்த உடனேயே இவ்வாறு அணைத்து வைத்தபோது, முதல் 28 நாட்களுக்குள் நேரும் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2020-இல் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் மாதம் நிறையாமல் பிறந்தன என்னும் கணக்கோடு வைத்துப் பார்த்தால், அந்தப் பங்கு எத்தனை வீடுகள் என்பது விளங்கும். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையை உடனடியாகத் தொடங்கப் பரிந்துரைத்தது.

அவ்வாய்வுக்காக அந்த ஐந்து நாட்டு மருத்துவமனைகளிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள், பிள்ளையின் அருகிலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள்.